ஜப்பான் பள்ளிகளில் முடி, சீருடை, சாக்ஸ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் அதிகம், அதில் தமிழர்களும் நிறையப் பேர். வேலை மாற்றலில் புதிதாக வருகிறவர்கள் வீட்டு வாடகை, பொன்னி அரிசி, ரயில் பாஸ் எல்லாம் விசாரித்து முடித்ததும் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். ஊரில் இருந்தபடியே ஏதோ வீடியோ பார்த்துவிட்டுக் கேட்பவர்களும் உண்டு. ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

பிறவியிலேயே பழுப்பு முடியா இருந்தாலும் கறுப்பு டை அடிச்சுக்கிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போகணுமாமே, நிஜமா?

சில பள்ளிகளில் நிஜமாகவே அப்படி நடந்திருக்கிறது. அதைவிடப் பரவலாக இருந்தது இயற்கை முடிச் சான்று. "என் பிள்ளையின் முடி பிறவியிலேயே பழுப்பு" அல்லது "பிறவியிலேயே சுருட்டை" என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஒரு தாள். சில இடங்களில் குழந்தைப் பருவப் போட்டோவும் கேட்பார்கள். 2017ல் அசாஹி நாளிதழ் விசாரித்தபோது, பதில் சொன்ன டோக்கியோ அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பாதிக்கு மேல் இந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தன.

டை அடிக்கக் கூடாது என்பதுதான் எழுதப்பட்ட விதி. நடைமுறையில் பழுப்பாகத் தெரிகிற எல்லாத் தலையும் சந்தேகத்துக்குரிய தலை ஆகிவிடுகிறது, அப்புறம் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பிள்ளையின் மேல் விழுகிறது. டை கூடாது என்ற விதியைக் காப்பாற்ற டை அடிக்கச் சொல்வதில் உள்ள முரண் ஜப்பானியர்களுக்கும் தெரியும், அவர்களே இதை வைத்துக் கிண்டல் செய்வார்கள்.

ஒசாகாவுல ஒரு பொண்ணு கேஸ் போட்டதே, அது என்ன ஆச்சு? ஜெயிச்சாளா?

பாதி. ஒசாகா மாகாணத்தில் ஹபிகினோ என்ற ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளியில் 2015ல் சேர்ந்த மாணவி அவர். முடியைக் கறுப்பாக்கு, இன்னும் கறுப்பாக்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னதில் தலைத்தோல் புண்ணாகிவிட்டது என்பது அவர் தரப்பு. கடைசியில் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு பள்ளி செய்ததுதான் கொடுமை: வகுப்புப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள், வகுப்பறையில் அவருடைய மேசை நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள்.

2017ல் சுமார் 22 லட்சம் யென் இழப்பீடு கேட்டு வழக்கு. 2021 பிப்ரவரியில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் 3,30,000 யென் கொடுக்கச் சொன்னது, ஆனால் அது பெயரையும் மேசையையும் எடுத்ததற்காக மட்டும். முடி விதி நியாயமானது, கறுப்பாக்கச் சொன்னதும் சட்டத்துக்கு உட்பட்டது என்றது. முடியின் வேரைப் பார்த்தோம், கறுப்பாக இருந்தது என்ற ஆசிரியர்களின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதனால் "இயற்கைப் பழுப்பு முடியைக் கறுப்பாக்கலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று பரவுகிற செய்தி சரியில்லை. அவருடைய முடி இயற்கையில் கறுப்பு என்று பள்ளி நம்பியதற்குக் காரணம் இருந்தது என்றுதான் தீர்ப்பு. மேல்முறையீட்டிலும் அதே முடிவு, 2022ல் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

என் பொண்ணு ஒண்ணாம் கிளாஸ் சேரப்போறா. இப்பவே பயப்படணுமா?

வேண்டாம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் சீருடையே கிடையாது. பூப்போட்ட சட்டை, இரட்டைக் குடுமி, கலர் கலரான பூட்ஸ், எப்படியும் போகலாம். விதி கிடையாது என்றாலும் முதுகில் எல்லாரும் ஒரே வடிவ ரண்டோசெரு தோல்பைதான் மாட்டியிருப்பார்கள், அது தனிக்கதை. 2018ல் டோக்கியோவின் ஆடம்பரக் கடைவீதியான கின்சாவில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி அர்மானி சீருடை கொண்டுவந்து, எல்லாம் சேர்த்து வாங்கினால் 80,000 யென் ஆகும் என்று தெரிந்து நாடே சிரித்தது, அதெல்லாம் விதிவிலக்கு.

விதிகள் இறுகுவது 7ஆம் வகுப்பில், அதாவது நடுநிலைப் பள்ளி மூன்று வருடம். அடுத்து உயர்நிலைப் பள்ளி மூன்று வருடம். தொடக்கப் பள்ளியில் ஆறு வருடம் இஷ்டப்படி உடுத்திய பிள்ளை ஏப்ரல் மாதம் ஒரு நாள் காலையில் கறுப்புக் கோட்டில் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு நிற்பான்.

சரி, விதின்னா என்னென்ன? ஒண்ணு ரெண்டு உதாரணம் சொல்லுங்க.

பள்ளிக்குப் பள்ளி மாறும். அடிக்கடி வருபவை: டை கூடாது, பெர்ம் (செயற்கைச் சுருட்டை) கூடாது, புருவம் திருத்தக் கூடாது, முன்நெற்றி முடி புருவத்தைத் தொடக் கூடாது, பையன்களுக்குக் காதையும் காலரையும் முடி தொடக் கூடாது, ரப்பர் பேண்ட் கறுப்பு, பழுப்பு, கருநீலம் மட்டும், சாக்ஸ் வெள்ளை, பாவாடை முட்டிக்குக் கீழே. இவ்வளவு வரை "சரி, கண்டிப்பான பள்ளி" என்று விட்டுவிடலாம். பனிக்காலத்தில் மஃப்ளர் கூடாது, வகுப்பறைக்குள் கோட் கூடாது, டைட்ஸ் கூடாது என்று போகும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

டூ பிளாக் என்று ஒரு வெட்டு, பக்கவாட்டில் ஒட்ட வெட்டி மேலே நீளமாக விடுவது. வங்கி ஊழியர்களே வைத்துக்கொள்ளும் சாதாரண கிராப்புதான். அது ஏன் கூடாது என்று 2020 மார்ச்சில் டோக்கியோ மாநகரப் பேரவையில் கம்யூனிஸ்ட் உறுப்பினர் ஒருவர் கேட்டார். வெளித்தோற்றம் காரணமாக மாணவர்கள் ஏதாவது சம்பவத்திலோ விபத்திலோ சிக்கிவிடலாம் என்று கல்வித் துறைத் தலைவர் பதில் சொன்னார். அந்தக் கேள்வி பதில் வீடியோவாகச் சுற்றியபோது சிரிக்காதவர்கள் குறைவு.

உள்ளாடை கலரைக்கூடப் பார்ப்பாங்களாமே? போனிடெயில் போடக் கூடாதாமே? இது கட்டுக்கதைதானே?

கட்டுக்கதை இல்லை. ஃபுகுஓகா வழக்கறிஞர் சங்கம் அந்த நகரத்தின் 69 அரசு நடுநிலைப் பள்ளிகளின் விதிப் புத்தகங்களைத் தகவல் உரிமை கேட்டு வாங்கிப் படித்தது. அதில் 57 பள்ளிகளில் உள்ளாடைக்கு விதி இருந்தது, பெரும்பாலும் வெள்ளை. நாகசாகி மாகாணத்திலும் அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் பாதிக்கு மேல் வெள்ளை உள்ளாடை விதி வைத்திருந்ததாகத் தெரியவந்து, 2021ல் மாகாணக் கல்வி வாரியமே மாற்றச் சொன்னது. விதி இருந்தால் சோதிக்கவும் வேண்டுமே. உடற்பயிற்சி வகுப்புக்கு உடை மாற்றும்போது ஆசிரியர் பார்த்துக் குறித்துக்கொண்டார் என்று மாணவிகள் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது என்பது என் கருத்து.

போனிடெயில் தடைக்குச் சில பள்ளிகள் சொன்ன காரணம், பிடரி தெரிந்தால் பையன்களின் கவனம் சிதறும் என்பது. அதே பள்ளியில் பாப் வெட்டு அனுமதி. பாப் வெட்டினாலும் பிடரி தெரியும்.

யாரு செக் பண்றது? கிளாஸ் டீச்சரா?

வகுப்பாசிரியரும் பார்ப்பார், ஆனால் ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் ஒழுங்குக்கென்று ஓர் ஆசிரியர் குழு தனியாக உண்டு. பெரும்பாலும் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் அதில் முக்கியமான ஆளாக இருப்பார். மாதத்துக்கு ஒரு தடவை, அல்லது பருவம் தொடங்கும்போது, ஜிம்மில் வரிசையாக நிற்க வைத்து முடி சோதனை. ஆசிரியர் எதிரில் வந்து நின்று, நெற்றி முடியை இரண்டு விரலால் கீழே இழுத்துப் புருவத்தைத் தொடுகிறதா என்று பார்ப்பார். திரும்பச் சொல்லிக் காது, காலர். கையை நீட்டச் சொல்லி நகம். சில பள்ளிகளில் பெண் பிள்ளைகளை முட்டி போடச் சொல்லிப் பாவாடை தரையைத் தொடுகிறதா என்று பார்ப்பதும் உண்டு. தேறாதவர் பெயர் பட்டியலில் ஏறும், சில நாள் கழித்து மறுசோதனை. மறுசோதனைக்கு முந்தின நாள் அந்த வட்டாரத்து மலிவுக் கட்டிங் கடைகளில் நல்ல வியாபாரம்.

மீறினா என்ன பண்ணுவாங்க? டி.சி. குடுத்துடுவாங்களா?

அரசு நடுநிலைப் பள்ளியில் முடியாது. 9ஆம் வகுப்புவரை கட்டாயக் கல்வி, அந்தக் கட்டத்தில் அரசுப் பள்ளி மாணவனை நீக்கவோ தண்டனையாக இடைநிறுத்தவோ சட்டம் இடம் கொடுக்கவில்லை. அடிப்பதற்கும் தடை. அப்படியானால் பிள்ளைகள் ஏன் அடங்கிப் போகிறார்கள்? காரணம் 9ஆம் வகுப்பு முடிவில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் உள்மதிப்பீட்டு அறிக்கை. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு அதுவும் சேர்ந்துதான் எந்தப் பள்ளி என்று முடிவாகும். அதில் ஆசிரியர் என்ன எழுதுவாரோ என்ற பயம் ஒன்றே போதும், பிரம்பு தேவையில்லை.

அந்த அறிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. டோக்கியோவின் கோஜிமாச்சி நடுநிலைப் பள்ளியில் படித்த ஹோசாகா நோபுதோ என்ற மாணவரின் அறிக்கையில் அவருடைய மாணவர் அரசியல் செயல்பாடுகளை எழுதிவிட்டார்கள், விண்ணப்பித்த பகல்நேரப் பள்ளிகள் எதிலும் இடம் கிடைக்கவில்லை. அவர் 1972ல் வழக்குப் போட்டார், 1988ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 2011ல் டோக்கியோவின் செதகாயா வட்டத்துக்கு மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

உயர்நிலைப் பள்ளி கட்டாயக் கல்வி இல்லை, அங்கே நீக்கலாம். ஆனால் நேரடியாக நீக்குவதைவிட "நீங்களே விலகிக்கொள்வது நல்லது" என்று சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். அதற்கு முந்தின படிகள்: வீட்டுக்கு அனுப்பிச் சரிசெய்துகொண்டு வரச் சொல்வது, மன்னிப்புக் கட்டுரை, தனி அறையில் உட்காரவைப்பது, கறுப்பு ஸ்ப்ரே.

இதுக்கெல்லாம் சட்டத்துல இடம் இருக்கா? கோர்ட்டுக்குப் போனா நிக்குமா?

பள்ளி விதிகளைப் பற்றித் தனிச் சட்டம் எதுவும் இல்லை. கல்வி நோக்கத்துக்காகத் தலைமை ஆசிரியர் நியாயமான வரம்புக்குள் விதி போடலாம் என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்திருக்கின்றன, அந்த வரம்பை அவை மிக அகலமாகப் போட்டுவிட்டன. குமாமோதோவில் ஒட்ட வெட்டிய தலைதான் விதி என்றிருந்த நடுநிலைப் பள்ளியை எதிர்த்த மாணவர் 1985ல் தோற்றார். டோக்கியோவில் ஒரு தனியார் பள்ளி மாணவி, அனுமதியில்லாமல் ஓட்டுநர் உரிமம் எடுத்ததற்கும் பெர்ம் செய்துகொண்டதற்கும் விலகச் சொல்லப்பட்டு, 1996ல் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்றார். ஒசாகா கதை மேலேயே இருக்கிறது. ஆக, கோர்ட்டை நம்பி இதில் இறங்குவதில் பெரிய பலன் இல்லை. மாற்றம் வந்ததெல்லாம் வேறு வழிகளில்.

சாமுராய் காலத்துக் கட்டுப்பாடுதானே இது? அவங்க கலாசாரமே அப்படி இல்லையா?

பள்ளிச் சீருடையே மேற்கத்திய ராணுவ உடுப்பைப் பார்த்து வந்தது. பையன்களின் நிமிர்ந்த காலர் கோட்டு 1886ல் இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் நுழைந்தது. பெண்களின் மாலுமி உடுப்பு 1920களில் கிறிஸ்தவ மகளிர் பள்ளிகள் மூலமாக. இதில் சாமுராய் எங்கே வந்தான்?

இப்போது நாம் பார்க்கும் முடி, சாக்ஸ் கெடுபிடிக்கு வயது இன்னும் குறைவு. 1970களின் கடைசி, 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளிகளில் பயங்கரக் கலவரம். கண்ணாடி உடைப்பது, ஆசிரியரை அடிப்பது, பைக் கும்பல். அந்தப் பிள்ளைகளுக்கென்று ஓர் அலங்காரம் இருந்தது: பையன்களுக்குத் தொளதொள பேண்ட், பெர்ம் தலை, பெண்களுக்குக் கணுக்காலைத் தொடும் பாவாடை. ஆமாம், நீளப் பாவாடைதான் அன்றைக்குப் போக்கிரித்தனம், விதிகளும் "இதைவிட நீளம் கூடாது" என்றே இருந்தன. 1990களில் குட்டைப் பாவாடை மோகம் வந்ததும் அதே விதி தலைகீழாகத் திரும்பி "இதைவிடக் குட்டை கூடாது" ஆனது. உடைக் குலைவுதான் மனக் குலைவின் தொடக்கம் என்று ஆசிரியர்கள் நம்பினார்கள், அல்லது நம்புவது வசதியாக இருந்தது. ஐச்சி, சிபா போன்ற மாகாணங்கள் இந்தக் கட்டுப்பாட்டுக் கல்விக்கே பேர் வாங்கின. 1982ல் உயர்நிலைப் பள்ளிப் பெற்றோர் சங்கக் கூட்டமைப்பு லைசென்ஸ் எடுக்க விடாதே, பைக் வாங்க விடாதே, ஓட்ட விடாதே என்று நாடு முழுக்க இயக்கமே நடத்தியது.

கேட்ல மாட்டி ஒரு பொண்ணு செத்துப்போச்சுன்னு சொல்றாங்களே, அது உண்மையா?

உண்மை. 1990 ஜூலை 6, கோபே நகரம், அரசு உயர்நிலைப் பள்ளி. காலை எட்டரைக்குத் தாமதம் பார்க்க நின்ற ஆசிரியர் நேரம் ஆனதும் இரும்புக் கதவை வேகமாகத் தள்ளி மூடினார், ஓடிவந்த 15 வயது மாணவியின் தலை கதவுக்கும் தூணுக்கும் நடுவில் சிக்கியது. அன்றைக்குப் பருவத் தேர்வு. ஆசிரியர் மேல் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் நிரூபணமானது. கதவை மூடும் வேலையைப் பள்ளி முறைபோட்டுக் கொடுத்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு கல்வி அமைச்சகம் விதிகளைத் தளர்த்தச் சொன்னது, தளர்த்தவும் செய்தார்கள். அப்புறம் எப்படியோ மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிட்டது. ஒசாகா வழக்கு செய்தியானதும் தொடங்கிய விதி ஒழிப்புத் திட்டம் ஒன்று 2018ல் வயதுவாரியாகக் கணக்கெடுத்ததில், உள்ளாடை விதியைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் பெரியவர்களைவிடப் பதின்வயதினரில்தான் அதிகம்.

டீச்சர்களுக்கே இது பிடிக்கலைன்னு சொல்றாங்களே. அப்புறம் ஏன் விடமாட்டேங்கிறாங்க?

நான் பேசிய ஆசிரியர்களில் முடி சோதனையை ரசித்துச் செய்பவர் ஒருவரையும் பார்த்ததில்லை. அவர்கள் பயப்படுவது பிள்ளையைப் பார்த்து இல்லை, நாலு பேரைப் பார்த்து. அந்த நாலு பேர் உண்மையில் மூன்று பேர், அவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

முதல் ஆள் அக்கம்பக்கத்தவர். "உங்கள் பள்ளிப் பையன் தலையில் சாயத்தோடு ரயிலில் சத்தம் போட்டான்" என்று பள்ளிக்கே போன் செய்து புகார் சொல்வது இங்கே சர்வசாதாரணம். இரண்டாவது, அடுத்த வருடம் சேர வேண்டிய பிள்ளைகளின் பெற்றோர். குழந்தைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும் நாட்டில் இடம் நிரம்பாத பள்ளியை மூடிவிடுவார்கள், "அந்தப் பள்ளி கட்டுக்கடங்காதது" என்று பேர் வந்தால் முடிந்தது. மூன்றாவது ஆள் கம்பெனி. 12ஆம் வகுப்போடு வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பள்ளிதான் கம்பெனிக்குப் பரிந்துரைக்கிறது. முதல் சுற்றில் ஒரு மாணவர் ஒரு கம்பெனிக்குத்தான் விண்ணப்பிக்கலாம் என்ற நடைமுறை வெகுகாலம் ஏறக்குறைய நாடு முழுக்க இருந்தது, இப்போதுதான் சில மாகாணங்களில் தளர்கிறது. போன வருடம் அனுப்பிய பையன் சரியில்லை என்றால் அந்தக் கம்பெனி அடுத்த வருடம் அழைக்காது. எல்லாரையும் ஒரே அச்சாக அனுப்பிவைப்பதில் பள்ளிக்கு நேரடி லாபம் இருக்கிறது.

பெரிய பெரிய ஸ்கூல்ல ரூலே கிடையாதாமே?

ஆமாம், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டோக்கியோவின் அசாபு, கோபேயின் நதா, இரண்டும் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு வண்டி வண்டியாக மாணவர்களை அனுப்பும் பள்ளிகள். இரண்டிலும் சீருடைக் கட்டாயம் இல்லை. அசாபுவின் பண்பாட்டு விழாவில் பச்சை, ஊதா, இளஞ்சிவப்புத் தலைகளைக் கூட்டமாகப் பார்க்கலாம். அங்கே எழுதப்படாத விதி மூன்றே மூன்று என்று அவர்களே சிரிப்பாகச் சொல்வார்கள்: இரும்பில் செய்த கட்டைச் செருப்பு கூடாது, பணம் வைத்து மாஜோங் என்ற காய் விளையாட்டு கூடாது, வகுப்பு நடக்கும்போது வெளியிலிருந்து சாப்பாடு வரவழைக்கக் கூடாது. நாகானோ மாகாணத்திலும் சீருடை இல்லாத அரசு உயர்நிலைப் பள்ளிகள் நிறைய.

மேலே சொன்ன மூன்று பேரை வைத்துப் பாருங்கள். அசாபு பையனின் தலை என்ன நிறமாக இருந்தாலும் யாரும் போன் செய்ய மாட்டார்கள், இடம் காலியாகாது, அவன் 12ஆம் வகுப்போடு வேலைக்கும் போகப் போவதில்லை. கெடுபிடி இறுகுவது நடுத்தர, அதற்குக் கீழான மதிப்பெண் தரத்தில் இருக்கும் பள்ளிகளில்தான். நம்பிக்கையும் மதிப்பெண் பார்த்துத்தான் பங்கிடப்படுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது உள்ளாடை விதிக்கு அடுத்து இதுதான்.

ஆனா ஜப்பான்காரங்களுக்குக் கூட்டத்தோட ஒத்துப்போற குணம் ரத்தத்துலயே இருக்கே? தலை தூக்குற ஆணியை அடிப்பாங்கன்னு பழமொழியே இருக்கே?

பழமொழி இருக்கிறது. அதை ஜப்பானியர்களைவிட வெளிநாட்டுக்காரர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள் என்று சில சமயம் தோன்றும். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் தகானோ யோதாரோவும் ஒசாகா எய்கோவும், ஜப்பானியரையும் அமெரிக்கரையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 1999ல் திரட்டிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் கூடியிருக்கும் அறையில் எல்லாரும் தவறான விடை சொல்லும்போது நீயும் சொல்வாயா என்ற வகைச் சோதனைகளும் அதில் சேர்த்தி. ஜப்பானியர் கூடுதலாக வளைந்துகொடுக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இன்னொன்று சமூக உளவியலாளர் யமகிஷி தோஷியோ குழுவின் பேனாக் கேள்வி, 2008. ஐந்து பேனா, நாலு ஒரு நிறம், ஒன்று வேறு. எதை எடுப்பாய்? சும்மா கேட்டால் ஜப்பானியர் அமெரிக்கரைவிட அதிகமாகப் பெரும்பான்மை நிறத்தை எடுக்கிறார்கள். ஆனால் "மற்றவர்கள் எல்லாரும் எடுத்துவிட்டார்கள், நீதான் கடைசி" என்றோ "கடையில் காசு கொடுத்து வாங்குகிறாய்" என்றோ சொன்னதும் அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. அவர்களுக்கும் அந்த ஒற்றைப் பேனாதான் பிடித்திருக்கிறது. பின்னால் வருகிறவர் முகம் சுளிக்கலாம் என்ற நிலையில் மட்டும் பொதுவானதை எடுத்துக்கொள்கிறார்கள். ஆசிரியர்களைப் பற்றி மேலே சொன்னதும் ஏறக்குறைய இதுவேதான். ஆளாளுக்குத் தனியாகக் கேட்டால் விதி முட்டாள்தனம் என்பார்கள், கூட்டத்தில் முதல் ஆளாகச் சொல்ல மட்டும் யாரும் இல்லை.

அப்போ விதியை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடுமா?

ஆகாது. பேஸ்பால் இதற்கு நல்ல உதாரணம். உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் அணி என்றால் ஒட்ட வெட்டிய தலை. பேஸ்பால் கூட்டமைப்பு அப்படி ஒரு விதி போட்டதே இல்லை. இருந்தும் 2018 கணக்கெடுப்பில் 76.8 சதவீத அணிகள் மொட்டைக்குக் கொஞ்சம் குறைவான தலையைத்தான் வழக்கமாக வைத்திருந்தன. ஐந்தே வருடத்தில், 2023ல், அது 26.4 சதவீதம். அந்தக் கோடையில் கோஷியென் என்ற தேசிய உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டியின் கோப்பையை வென்றது கெய்யோ பள்ளி, காற்றில் பறக்கும் முடியோடு விளையாடிய அணி. இறுதி ஆட்டத்தில் செண்டாய் இகுயெய்யை 8–2 என்று தோற்கடித்தார்கள், 107 வருடத்தில் முதல் கோப்பை. ஆட்டத்துக்குச் சமமாக அவர்களுடைய முடியைப் பற்றியும் பத்திரிகைகள் எழுதின.

விதியே இல்லாமல் நின்ற பழக்கம், "மற்ற அணிகள் விட்டுவிட்டன" என்று தெரிந்ததும் மடமடவென்று சரிந்தது. முகக்கவசத்தில் வேறு மாதிரி: 2023 மார்ச் 13 முதல் அவரவர் விருப்பம் என்று அரசு சொல்லியும் அன்றைக்கு ரயிலில் ஏறக்குறைய எல்லார் முகத்திலும் இருந்தது, கழற்றப் பல மாதம் ஆனது.

இப்போ மாறிட்டு வருதுன்னு சொல்றாங்க. நம்பலாமா?

நம்பலாம், ஓரளவு. டோக்கியோ 2022 ஏப்ரலில் இருந்து தன் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒரேமாதிரிக் கறுப்பாக்கல், உள்ளாடை நிறம், டூ பிளாக் தடை ஆகியவற்றை நீக்கியது. "உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு ஏற்ற" என்ற மழுப்பல் வாசகத்தையும் எடுத்தது. இயற்கை முடித் தாள் மட்டும் சில பள்ளிகளில் விருப்பம்போல் கொடுக்கலாம் என்று நின்றுவிட்டது. 2022 டிசம்பரில் கல்வி அமைச்சகம் மாணவர் வழிகாட்டுதல் கையேட்டை 12 வருடத்துக்குப் பிறகு திருத்தியது: விதிகளை இணையதளத்தில் போடுங்கள், காரணம் சொல்ல முடியாத விதியை மறுபடி யோசியுங்கள், மாற்றும் வழிமுறையைத் தெளிவாக எழுதிவையுங்கள். பெண் பிள்ளைகள் பேண்ட் போடலாம் என்பதும் வேகமாகப் பரவுகிறது. சிபா மாகாணம் கஷிவா நகரில் 2018ல் தொடங்கிய ஒரு நடுநிலைப் பள்ளி முதல் நாளிலிருந்தே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்றது.

செதகாயா வட்டத்தின் சகுரகாஒகா நடுநிலைப் பள்ளியில் சைகோ தகாஹிகோ என்ற தலைமை ஆசிரியர் 2010 முதல் பத்து வருடத்தில் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் விதிப் புத்தகமே இல்லாமல் செய்துவிட்டார். மேலே வந்த ஹோசாகா மேயராக இருக்கும் அதே செதகாயா. ஹோசாகா படித்த கோஜிமாச்சியும் பின்னாளில் குதோ யூஇச்சி என்ற தலைமை ஆசிரியர் காலத்தில் வீட்டுப்பாடத்தையே ஒழித்த பள்ளியாகப் பேர் வாங்கியது.

மறுபக்கமும் உண்டு. 2023ல் ஹிமேஜியில் கறுப்பின அமெரிக்கத் தந்தைக்குப் பிறந்த மாணவர் ஒருவர் தந்தையின் மரபுப்படி முடியைத் தலையோடு ஒட்டிப் பின்னி நிறைவு விழாவுக்கு வந்தார். அவரை மேல்மாடி இருக்கையில் தனியாக உட்காரவைத்து, பெயர் அழைத்தால் எழுந்து பதில் சொல்ல வேண்டாம் என்றார்கள். கையேடு திருத்தி மூன்று மாதம் ஆகியிருக்கவில்லை.

எங்க பொண்ணுக்குக் காது குத்தியாச்சு. சுருட்டை முடி வேற. தோடு, பொட்டு எல்லாம் விடுவாங்களா?

தொடக்கப் பள்ளியில் பொட்டுக்கோ குட்டித் தோடுக்கோ பெரும்பாலும் பிரச்சினை வராது, பக்கத்துப் பிள்ளைகள் நாலு நாள் கேள்வி கேட்பார்கள், அவ்வளவுதான். நடுநிலைப் பள்ளியில் தோடு ஏறக்குறைய எல்லா விதிப் புத்தகத்திலும் தடை. கைக்குழந்தையிலேயே காது குத்துவது நம் வழக்கம் என்பது அவர்களுக்குத் தெரியாது. குத்திய காது என்றால் அங்கே கொஞ்சம் துணிச்சலான டீன் ஏஜ் பிள்ளை என்றுதான் முதலில் நினைப்பார்கள். சேர்க்கைக்கு முன்பே போய், குடும்ப வழக்கம், குழந்தையிலிருந்தே இருக்கிறது என்று சொல்லி எழுதியும் கொடுத்துவிடுங்கள். விளையாட்டு வகுப்பில் கழற்றிவிடுவோம் என்று நீங்களே முந்திச் சொன்னால் பேச்சு சுலபமாகும். நிறமில்லாத பிளாஸ்டிக் குச்சியைப் போட்டு ஓட்டை தூர்ந்துபோகாமல் வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு.

சுருட்டை முடிக்கு முதல் கேள்வியில் சொன்ன தாள் உண்மையிலேயே உதவும். அந்தத் தாளின் மேல் எனக்கு மரியாதை இல்லை, ஆனாலும் பெர்மா என்று பிள்ளையை ஒவ்வொரு சோதனையிலும் நிறுத்திக் கேட்பதைவிட ஒரு தடவை எழுதிக் கொடுப்பது மேல். மருதாணியை நீண்ட விடுமுறைத் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காலேஜ் போயிட்டா விடுதலைதானே?

இரண்டரை வருடம். ஏப்ரலில் சேர்ந்ததும் பாதிப் பேர் முடியைப் பழுப்பாக்கிக்கொள்வார்கள். மூன்றாம் வருடம் வேலை தேடும் படலம் தொடங்கியதும் அதே ஆட்கள் கறுப்பாக்கிக்கொண்டு, கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, பெண்கள் என்றால் இறுக்கிக் கட்டிய ஒற்றை வால் என்று வரிசையில் நிற்பார்கள். இதற்கும் எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது. "சாதாரண உடையில் வரலாம்" என்று கம்பெனி அழைப்பிதழில் போட்டிருந்தாலும் கறுப்புக் கோட்டில் போவதுதான் பத்திரம் என்பார்கள், அப்படியே எல்லாரும் போவார்கள்.

விதி தப்புன்னு தெரியுது. பிள்ளைக்காக நான் போய்ச் சண்டை போடலாமா, இல்லை பேசாம இருக்கணுமா?

முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். உங்களுக்கு அநியாயமாகத் தெரிவது அவளுக்குப் பெரிய விஷயமாக இல்லாமல் இருக்கலாம், அல்லது வகுப்பு முழுக்கத் தன்னைத் திரும்பிப் பார்ப்பது அவளுக்கு அதைவிடக் கஷ்டமாக இருக்கலாம். உடம்பைப் பற்றிய விதி என்றால், உள்ளாடை, குளிருக்கு உடை, தலைத்தோல் புண்ணாகும் சாயம், இதிலெல்லாம் அவள் வேண்டாம் என்றாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

பேசுவதானால் வாசலில் நின்று வகுப்பாசிரியரிடம் கத்துவதில் பயன் இல்லை, அவர் கையில் எதுவும் கிடையாது. துணைத் தலைமை ஆசிரியரிடம் நேரம் வாங்குங்கள். விதிப் புத்தகத்தில் அந்த வரி எங்கே இருக்கிறது, காரணம் என்ன, மாற்ற என்ன வழிமுறை என்று மூன்றே கேள்வி, எழுதிக் கொண்டுபோங்கள். 2022 கையேடு பள்ளியிடம் எதிர்பார்ப்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அங்கே பதில் வரவில்லை என்றால் நகராட்சிக் கல்வி வாரியம். இன்னொரு பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு போக முடிந்தால் மிகவும் நல்லது, அதுவும் ஜப்பானியராக இருந்தால் இன்னும் நல்லது. பெற்றோர் சங்கக் கூட்டத்தில் மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், "எனக்கும் அது பிடிக்கவே இல்லை" என்று சொல்லக் குறைந்தது இரண்டு பேராவது இருப்பார்கள், இத்தனை நாள் வேறு யாராவது முதலில் கேட்பார்கள் என்று அவர்களும் காத்திருந்திருப்பார்கள்.